மணல் வாளியில் ஒரு சாவி

உக்காருங்க, உக்காருங்க. கூடைய இக்கட்டால தள்ளி வெச்சுக்கங்க, என்ற காலுல பட்டாலும் பரவாயில்ல. சன்னலோரம் எனக்கு வேணுமுங்க, வெளிய பாத்துட்டே வரோணும். தண்ணித்தொட்டி ஸ்டாப் உங்களுக்குத் தெரியுமில்ல? நீலக் கேட்டுப் போட்ட பனியன் கம்பெனி இருக்குதே, அதுக்கு எதுத்தாப்புல. நீங்க எங்க எறங்கறீங்க? ரேசன் கடையா? அது அதுக்கு அடுத்த ஸ்டாப்புங்க. அப்பச் சரி, தண்ணித்தொட்டி வந்தா எனக்கு ஒரு குரல் குடுங்க. பேச்சு வாக்குல நான் விட்டாலும் விட்டுருவேன்.

கண்டக்டர் ஏன் என்னைய அப்படிப் பாத்துட்டுப் போறாருன்னு கேக்கறீங்களா? வேற ஆருன்னாச்சும் நெனச்சிருப்பாரு. கையிலயா? கையில ஒண்ணுமில்லீங்க, சும்மா மூடி வெச்சிருக்கேன். மூணு நாளா இப்படித்தான். சோறு எறங்கல, தூக்கமில்ல. இந்தப் பயம் இருக்குதே, வந்து உக்காந்துட்டா எந்திரிக்கவே மாட்டேங்குது. முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்ட இதெல்லாம் சொல்லறனேன்னு நெனைக்காதீங்க. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்ல முடியல.

என்ற பேரு கோகிலவாணிங்க. ஒரு டிரஸ்டுல இருக்கேன். அப்பன் ஆத்தா இல்லாம விடுதியில வளர்ற புள்ளைங்க இருக்குதுகல்ல, பதினெட்டு வயசு முடிஞ்சா விடுதியில வெச்சுக்க மாட்டாங்க, ஒரு பெட்டியக் குடுத்துத் தாட்டி விட்டுருவாங்க. அதுக எங்க போகும்? அதுகளுக்கு வேலை தேடிக் குடுக்கறதுதான் என்ற வேலை. தேடிக் குடுக்கறது ஒரு பங்குன்னா, குடுத்த வேலையில நிக்க வெக்கறது மூணு பங்கு. பதினோரு வருசமாச் செய்யறேன். நல்லாச் செய்யறேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. புள்ளைங்களக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்குவேன்.

இந்தப் புள்ள பேரு சங்கவி. இருபத்தொரு வயசு. கெட்டிக்காரி, கை சுத்தம், வாய் சுத்தம். மடிச்சு வெச்ச துணியப் பாத்தீங்கன்னா அளந்து வெச்ச மாதிரி இருக்கும். ஒரே ஒரு குறை. அந்த வார்த்தைய நான் வாயில சொல்லறதில்லீங்க. 'அது' வரும். வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ. விழுந்துருவா. புரிஞ்சுதுங்களா? ஆமாங்க. அதேதான்.

நான் மொதல்ல பாத்தது எங்க டிரஸ்ட் சமையக்கட்டுல. ரெண்டு வருசமாச்சு. தொப்புன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கீழ கெடக்கறா. கண்ணு மேல சொருகிட்டு, பல்லக் கடிச்சுட்டு, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. என்ன செய்யோணும்னு டாக்டர் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு. ஒருக்களிச்சுப் படுக்க வெக்கோணும். தலைக்கடியில துணி வெக்கோணும். சுத்தியிருக்கற சாமான நகத்தோணும். வாயில எதையும் திணிக்கக்கூடாது. மணி பாக்கோணும், அஞ்சு நிமிசம் தாண்டினா ஆஸ்பத்திரி. புள்ளைங்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கேன், போர்டுல எழுதிப் போட்டு. அன்னிக்கு நான் ஆட்டோ புடிக்க ரோட்டுக்கு ஓடினேன். திரும்பி வர்றப்போ எல்லாம் அடங்கியிருந்துச்சு. சமையல்கார அம்மா அவ கையில இரும்புக் கரண்டியக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இந்தக் காலத்துலயும் இரும்பா? இரும்புல ஒண்ணுமில்லீங்கம்மா, படிச்ச டாக்டரே சொல்லியாச்சுன்னு அந்தம்மாவ ஒரு புடி புடிச்சேன். அவங்க கரண்டியக் கழுவப் போயிட்டாங்க.

அன்னையிலருந்து எனக்குக் காதெல்லாம் அந்தச் சத்தம்தான். பக்கத்து வீட்டுல குழவி உருண்டாக் கூடத் தூக்கி வாரிப் போடும். அவளை என்ற ஊட்டுலயே, என்ற அறைக்குப் பக்கத்து அறையில படுக்க வெச்சுட்டேன். கதவுக்குத் தாப்பாள் போடக் கூடாது. குளிக்கப் போனா வெளிய நின்னு பேசிட்டே இருப்பேன், பதில் வந்துட்டே இருக்கோணும். பாட்டுப் பாடச் சொல்லுவேன். மொதல்ல பாடுவா. அப்பறம் 'ம், ம்'னு மட்டும் சொல்லுவா.

வேலையா? குடுத்தேனே. மூணு வேலை குடுத்தேன். மூணு எடத்துலயும் நிலைக்கலீங்க. அவளுக்கு ராசியில்ல.

மொத வேலை ஜெராக்ஸ் கடை. மூணாம் மாசம் விழுந்துட்டா. ஓனர் போன் பண்ணினாரு. அரை மணி நேரத்துல நான் அங்க நின்னேன். டிபன் பாக்ஸு, கொடை எல்லாம் எடுத்துட்டு அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டேன். அவங்களா வேண்டாம்னு சொல்லறதுக்கு முன்னால நம்மளே கவுரவமா வந்துரோணும் பாருங்க. அந்த ஓனரு ரெண்டு நாள் கழிச்சு டிரஸ்டுக்கே வந்து, 'பொண்ணு எப்பங்க வருது, மெசின் அது பழக்கத்துக்கு வந்துருச்சு'ன்னாரு. வெளி வேசம். எனக்குத் தெரியாதா மனுசங்கள?

ரெண்டாவது துணிக்கடை. இருபதே நாள். அங்க அவ விழவேயில்ல. நான் ஒரு நாள் பாக்கப் போனேன், மூணாவது மாடியில நிக்கறா. அந்தப் படிக்கட்டப் பாத்ததும் எனக்குத் தலை சுத்திருச்சு. அப்படியே கையோட கூட்டிட்டு வந்தேன். மூணாவது பேக்கரி. கடைக்காரரு பொண்டாட்டி நல்ல மாதிரி, அடுப்புப் பக்கமே விடமாட்டேன்னு சத்தியம் பண்ணினாங்க. சத்தியத்த நம்பி அடுப்புக்கிட்ட ஒரு புள்ளைய விட முடியுமா? மூணு தடவையும் திரும்பி வர்றப்போ பஸ்ஸுல அவ என்ற பக்கம் திரும்பல. சன்னலப் பாத்துட்டே வந்தா. பாவம், வேலை செஞ்ச அலுப்பு.

பொறவுதான் இந்தப் பனியன் கம்பெனி. நானே போய் உள்ள சுத்திப் பாத்தனுங்க, ஒவ்வொரு சந்தும். பொறந்த குழந்தைகளுக்குப் போடற சட்டை தெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. அங்க பேக்கிங் செக்சன்னு ஒண்ணு. தையல் மெசின் கெடையாது, கத்தி கத்தரி கெடையாது, அயர்ன் பொட்டி கெடையாது. மடிக்கோணும், கவர்ல போடோணும், அட்டைப் பொட்டியில அடுக்கோணும், அவ்வளவுதான். இரும்புங்கற பேச்சே அந்த ரூமுக்குள்ள கெடையாதுங்க. குழந்தை துணியில ஊசி முனை ஒண்ணு போயிட்டாலும் கப்பல் ஏறின சரக்கு மொத்தமும் திரும்பி வந்துருமாம். அதனால பொம்பளைங்க சேலைக்கு ஊக்குக் குத்தக் கூடாது, தலைக்கு ஊசி குத்தக் கூடாது, கண்ணாடி வளையலத் தவர வளையல் கூடாது. கேட்டுல ஒரு அக்கா குச்சி மாதிரி ஒரு மெசின வெச்சுட்டு தலையிலருந்து கால் வரைக்கும் தடவித்தான் உள்ள விடுவாங்க. இரும்பு இருந்தா அது கத்தும். எனக்கு அவ்வளவு நிம்மதி. விழுந்தாலும் அட்டைப் பொட்டி மேலதான் விழுவா.

ஆனா சேத்தறப்போ ஒரு ஃபாரம் குடுத்தாங்க. சீக்கு ஏதாச்சும் உண்டான்னு அதுல ஒரு கேள்வி. 'இல்லை'ன்னு எழுதினேன். நான்தான் எழுதினேன், என்ற கையெழுத்துல, அடியில ஒரு கோடும் போட்டு. வேற என்ன பண்ணச் சொல்லறீங்க? உண்மையச் சொன்னா உள்ளயே விடமாட்டாங்க. நாலு கம்பெனி கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பினவ நான். அவகிட்டயும் சொல்லிட்டேன். கண்ணு, இது நமக்குள்ளயே இருக்கட்டும், வாயத் தொறந்தா வேலை போயிரும்னு.

அங்கயே கம்பெனி ஹாஸ்டல். அது ஒரு பயம். மேல் கட்டில் குடுத்துட்டாங்கன்னா? போன்லயே கேட்டு, கீழ் கட்டிலுக்கு மாத்த வெச்சேன். மத்தியானம் ஒண்ணேகாலுக்கு ஒரு போன், பொழுதோட ஆறரைக்கு ஒரு போன். பக்கத்துல ஆராச்சும் கேட்டுரப் போறாங்கன்னு மாத்திரைன்னு சொல்ல மாட்டேன். 'சாமி கும்பிட்டயா?'ன்னு கேப்பேன். 'கும்பிட்டனுங்க்கா'ம்பா. 'ரெண்டு தடவயும் கும்பிட்டயா?' 'கும்பிட்டேன்.' ஹாஸ்டல்ல அவளுக்குப் பக்திப் புள்ளைன்னே பேரு வந்துருச்சாம். செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை நேர்ல போவேன். கேட்டுப் பக்கத்து பெஞ்சுல உக்காந்து பத்து நிமிசம் பேசுவோம். தலையத் தடவற மாதிரி தடவிப் பாப்பேன், எங்காச்சும் வீங்கியிருக்குதான்னு. ஆறு மாசம், ஒரு தடவகூட வரலைன்னா. 'நல்லாருக்கனுங்க்கா. ஒண்ணுமில்லீங்க்கா.' ஆறு மாசம் ஒரு எடத்துல நின்னுட்டா எங்க டிரஸ்டுல அதுக்கு நிலைச்ச வேலைன்னு பேரு. போன வாரத்தோட ஆறு மாசம் முடிஞ்சுது. நானே எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் குடுத்தேன்.

மணி என்னங்க? பதினொண்ணேகாலா? பன்னெண்டு மணிக்குள்ள நான் அங்க இருக்கோணும். இருக்குது, நேரம் இருக்குது.

திங்கக்கிழமை போன் வந்துச்சு. அந்தக் கம்பெனி நெம்பரு. விழுந்துட்டா, மண்டை ஒடஞ்சுருச்சு, அப்படித்தான் மனசு ஓடுச்சு. எச்.ஆர். ஆபீசர் பேசறாரு. சின்ன வயசுப் பையன், நான் தம்பின்னுதான் கூப்புடுவேன். 'அம்மா, சங்கவிக்குக் கார்டியனா நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒடனே வாங்க. பேக்கிங் செக்சன்ல இரும்பு எடுத்திருக்கோம்.'

என்ன நடந்துச்சுன்னா, அன்னிக்குத் தீயணைப்புப் பயிற்சியாம். செவுத்தோரம் செவப்பு வாளியில மணல் வெச்சிருப்பாங்கல்ல, அதத் தூக்கிக் கொட்டிக் காட்டியிருக்காங்க. மணலோட டங்குன்னு ஒண்ணு வந்து விழுந்துச்சாம். குழந்தைத் துணியோட துண்டுல சுத்தின ஒரு சாவி. விரல் நீளம், கனமான பழைய பீரோ சாவி. இரும்பே நுழையாத ரூமுக்குள்ள, மணலுக்குள்ள பொதைச்சு வெச்ச சாவி. ஆருன்னு கேட்டதுக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கல. அப்பறம் இந்தப் புள்ள முன்னால வந்து 'என்னுதுங்க சார்'னு சொல்லியிருக்குது.

எனக்கு எதுக்குன்னு தெரியும். போன்லயே தெரிஞ்சுருச்சு. இரும்பு! விடுதியில இவ விழுந்தப்பெல்லாம் வார்டனம்மா சாவிக்கொத்தக் கையில திணிச்சு வளத்த பழக்கம். நான் எத்தனை தடவ சொல்லியிருப்பேன், இரும்புல ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு? என் பேச்ச மீறி ஒளிச்சு வெச்சிருக்கா பாருன்னு ஒரு பக்கம் கோவம். ஒரு பக்கம் அந்த ஃபாரம். அடியில கோடு போட்டு 'இல்லை'ன்னு எழுதின ஃபாரம். ஜெயில்ல போட்டுருவாங்களோன்னுகூட நெனச்சனுங்க. சிரிக்காதீங்க. பயந்தவளுக்கு என்னதான் தோணாது?

போனேன். கண்ணாடி ரூமு. மேசை மேல அந்தச் சாவி கெடக்குது. சங்கவி மூலையில நிக்கறா, என்னையப் பாக்கவேயில்ல. தம்பி கேக்கறாரு, 'சொல்லுங்கம்மா. வேலைக்கு வர்ற பொண்ணு எதுக்கு மணல்ல சாவியப் பொதைக்குது? வேணும்னே சரக்கக் கெடுக்கப் பாத்துச்சான்னு எங்க மொதலாளி கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?'

என்ற வாய் சும்மா இருக்கல. 'தம்பி, அது அவங்கம்மாவோட சாவிங்க'ன்னேன். எங்கிருந்துதான் வந்துச்சோ! 'செத்துப்போன அம்மா வீட்டுச் சாவி. அந்த ஒண்ணுதான் அவகிட்ட இருக்குது. பிரிஞ்சு இருக்க முடியாம கொண்டாந்து வெச்சிருக்கா, அனாதைப் புள்ள, மன்னிச்சு விட்டுருங்க'ன்னு அழுதேன். நெசமாவே அழுகை வந்துச்சுங்க. அந்தத் தம்பிக்கு மொகம் எளகிருச்சு. டிஸ்யூ பொட்டிய என்ற பக்கம் தள்ளினாரு. தப்பிச்சோம்டா சாமின்னு மூச்ச விட்டேன். அவரு சங்கவியப் பாத்து, 'அப்படியாம்மா? அம்மாவோட சாவியா?'ன்னாரு.

'இல்லீங்க சார்'னுட்டா.

'எனக்கு எங்கம்மா ஆருன்னே தெரியாதுங்க சார். எனக்கு வலிப்பு வருமுங்க. சாவி அதுக்குத்தான் வெச்சது.'

அந்த வார்த்தைய அவ அப்படிப் பட்டுன்னு சொல்லுவான்னு நான் நெனைக்கலீங்க. மழை வருமுங்கற மாதிரி சொன்னா. தம்பி அலமாரியத் தொறந்து ஃபைல எடுத்தாரு. அந்தப் பக்கத்தத் திருப்பி, 'இல்லை'ங்கறதுக்கு நேரா விரல வெச்சு என்னையப் பாத்தாரு. எந்திரிச்சு அவ கையப் புடிச்சேன். 'வா கண்ணு, போலாம். இவங்க சொல்லறதுக்கு முன்னால நம்மளே போயிரலாம். ஹாஸ்டல்ல பெட்டிய எடு.'

அவ கைய உருவிக்கிட்டா. 'நான் வரலைக்கா'ன்னா.

அப்பத்தான் கதவத் தொறந்துட்டு ஒரு அம்மா வந்தாங்க. துளசிமணின்னு பேரு, பேக்கிங் செக்சன் சூப்பர்வைசர். அவங்களுக்குப் பின்னால கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்களா நிக்கறாங்க. தலையில அந்த வலைத் தொப்பியோட, பதினாறு பதினேழு பேரு.

'சார், அது என்ற பீரோ சாவிங்க'ன்னாங்க துளசிமணி. 'நான்தான் உள்ள கொண்டாந்தேன். சாப்பாட்டுத் தூக்குக்குள்ள போட்டு. கேட்டுல கத்துச்சு, தூக்குதான் கத்துதுன்னு சொல்லிட்டேன். புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. அது எங்கள மாட்டி விடக்கூடாதுன்னு தன் தலையில போட்டுக்குச்சு.'

'எதுக்குங்க?'ன்னாரு தம்பி.

'ரெண்டாம் வாரமே விழுந்துருச்சுங்க சார். இது வரைக்கும் அஞ்சு தடவ. விழுந்தா ரெண்டு பக்கமும் பொட்டிய அடுக்கி மறப்புக் கட்டிக்குவோம். ஒருத்தி தலையப் புடிச்சுக்குவா, ஒருத்தி மணி பாப்பா. ஒருக்களிச்சுப் படுக்க வெக்கறது, வாயில ஒண்ணும் போடாம இருக்கறது, எல்லாம் புள்ளையே எங்களுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. கால் மணியில தெளிஞ்சுரும். பொறவு சித்த நேரம் படுத்திருக்கும், அது பங்கு பொட்டிய நாங்க ஆளுக்கு ரெண்டா அடுக்கிருவோம். இரும்பு வேண்டாம், அதுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாருன்னும் அதுதான் சொல்லுச்சு. எங்களுக்குத்தான் மனசு கேக்கலீங்க சார். சும்மா பாத்துட்டு உக்காந்திருக்க முடியல. கையில எதையாச்சும் குடுத்தோம்னு இருந்தாத்தான் எங்களுக்குத் தைரியம். எங்களுக்காகத்தான் வெச்சது.'

அஞ்சு தடவங்க! நான் தினம் ரெண்டு போன் பண்ணறேன். அஞ்சு தடவ விழுந்திருக்கா. நல்லாருக்கனுங்க்கா, ஒண்ணுமில்லீங்க்கா.

தம்பி கேட்டாரு, 'இத்தன நாளா ஆபீசுல ஏன் சொல்லல?' நானும் அதத்தான் கேக்கோணும்னு இருந்தேன். துளசிமணி தரையப் பாத்தாங்க. அப்பறம் என்னையப் பாத்தாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க, குத்தம் சொல்ல முடியாது. 'ஆபீசுல சொன்னா நீங்க இந்தக்காவுக்குப் போன் பண்ணுவீங்க. இவங்க வந்து அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருவாங்களாம். மூணு எடத்துலருந்து அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்களாம். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு புள்ள எங்க எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்குச்சுங்க.'

மொதலாளிக்குப் பயந்து ஒளிக்கலீங்க. எனக்குப் பயந்து ஒளிச்சிருக்குது.

உங்ககிட்டச் சொல்லறதுக்கு என்ன. அன்னிக்குச் சமையக்கட்டுல நான் ஆட்டோ புடிக்க ஓடலீங்க. ஆட்டோ கீட்டோ ஒண்ணுமில்ல. ஓடினேன், அவ்வளவுதான். தெருக்கோடி வரைக்கும் ஓடி ஒரு மரத்தடியில நின்னுட்டு, எல்லாம் முடிஞ்சிருக்கும்னு தோணினப்பொறவு வந்தேன். அஞ்சாவது படிச்சவளும் ஆறாவது படிச்சவளுமா பதினேழு பேரு, அஞ்சு தடவயும் ஓடாம நின்னிருக்காங்க. போர்டுல எழுதிப் போட்ட நான் நிக்கல. அவளுக்கு அது தெரியுமோ என்னமோ. நெனவு இல்லாமத்தான கெடந்தா. தெரியாதுன்னுதான் நெனச்சுட்டு இருக்கேன்.

தம்பி அந்த ஃபாரத்த ரெண்டாக் கிழிச்சாரு. 'பொய்யான ஃபாரம் செல்லாது, புதுசு எழுதுங்க. இந்த வேலை செய்யலாம்னு டாக்டர்கிட்ட லெட்டர் வேணும். வியாழக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல என்னால முடியாது, நானும் மேல பதில் சொல்லோணும், வேற ஆள் எடுத்துருவேன்'னாரு. புது ஃபாரத்த அவளே எழுதினா. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. சீக்கு உண்டாங்கற எடத்துல 'உண்டு. வலிப்பு'ன்னு எழுதினா. அதுக்குக் கீழ ஒரு கட்டம். அவசரம்னா ஆரைக் கூப்பிடோணும்னு கேட்டிருந்துச்சு. நான் என்ற நெம்பரச் சொல்ல வாயத் தொறந்தேன். அவ எழுதிட்டா. துளசிமணின்னு எழுதிட்டா.

பொறவு என்கிட்ட வந்து, 'அக்கா, ஆஸ்பத்திரிச் சீட்டுல உங்க பேருதான் இருக்குது. லெட்டர் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க'ன்னா. மட்டுமாம்.

லெட்டர் இருக்குதுங்க, இந்தா இந்தப் பையில. பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. மாத்திரை போட்டுட்டு இந்த வேலை தாராளமாச் செய்யலாம், உயரமும் மெசினும் நெருப்பும் மட்டும் வேண்டாம்னு, சீல் போட்டு. நேத்துக் காலையிலயே வாங்கிட்டேன். நேத்தே ஏன் குடுக்கலைன்னா? என்னத்தச் சொல்ல? தலைவலியாட்டம் இருந்துச்சு, ஊட்டுக்குப் போயிட்டேன். இன்னிக்குக் காலையில ஒம்போது மணிக்கு இதே பஸ்ஸுல ஏறினேன். ஆமாங்க, இதே பஸ்ஸு, இதே கண்டக்டரு. அதுதான் அவரு அப்படிப் பாக்கறாரு. தண்ணித்தொட்டி வந்துச்சு, போச்சு. நான் எந்திரிக்கல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அங்க ஒரு டீயக் குடிச்சுட்டு, திரும்பி வந்து, மறுக்கா ஏறியிருக்கேன்.

என்னையக் கெட்டவள்னு நெனைக்காதீங்க. இந்த லெட்டரு போய்ச் சேரலைன்னா என்ன ஆகும்? வேலை போகும். பெட்டியத் தூக்கிட்டு வருவா. பக்கத்து அறையில படுப்பா. சத்தம் கேட்டா எனக்குக் கேக்கும். குடுத்துட்டா, அவ இனி எங்கெங்கயோ விழுவா, எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் மணி பாக்கறவ மறந்துட்டா? ஒரு நாள் அந்தப் பதினேழு பேருல ஒருத்தி என்னையாட்டம் இருந்துட்டா? பயமா இருக்குதுங்க. அவ போயிருவான்னு பயம். இருந்தா விழுவான்னு பயம். எது எந்தப் பயம்னே எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல.

என்னங்க? ஆமா, தண்ணித்தொட்டிதான். நீங்க சொன்னது கேட்டுச்சுங்க. பாத்துட்டுத்தான் இருக்கேன்.

அந்தா, கேட்டுக்கிட்ட. தலையில வலைத் தொப்பி போட்டுட்டு நிக்குது பாருங்க, ஒல்லியா. அதுதான் சங்கவி. டீ நேரம் போல. பக்கத்துல குண்டா நிக்கறது துளசிமணி. ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்துட்டு நிக்கறா. எறங்கற ஆளு மூஞ்சியெல்லாம் பாக்கறா. என்னையப் பாத்துட்டாளா? இங்கதான் பாக்கறா. கையத் தூக்கறா. ஐயோ, சிரிக்கிறா. நான் வந்துட்டேன்னு சிரிக்கிறா.

பஸ்ஸ எடுத்துட்டான்.

இல்லீங்க, அழுகல. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. அவ மொகம் மாறினதப் பாத்தீங்களா நீங்க? நான் பாத்தேன். கை அப்படியே நின்னு போச்சு. நான் வந்தது தெரியும் அவளுக்கு, எறங்காமப் போறதும் தெரியும். மூணு தடவ பஸ்ஸுல சன்னலப் பாத்துட்டு வந்தாளே, அப்ப அந்தப் பக்கம் இந்த மொகம்தான் இருந்திருக்கும் போல. அலுப்புன்னு சொல்லிட்டு வந்தனே நான்.

மணி என்ன? பதினொண்ணு முப்பத்தஞ்சா? ரேசன் கடையிலருந்து கேட்டு வரைக்கும் நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிசமா? வெயில் கெடக்குது, போகட்டும். பத்து நிமிசம்னா நான் ஓடிருவேன். ஓடறதுக்கு என்ன, எனக்குத்தான் நல்லா ஓட வருமே. விசிலடிக்கச் சொல்லுங்க, நானும் உங்களோட எறங்கிக்கறேன்.

சித்த இருங்க. இதப் புடிங்க. ஆமாங்க, சாவிதான். வர்ற வழியெல்லாம் நீங்க பாத்துட்டு வந்தது இதுதான். உள்ள வெக்கக் கூடாதுன்னு தம்பி அன்னிக்கே என் கையில குடுத்துட்டாரு. துளசிமணியும் வேற சாவி இருக்குது, நீங்களே வெச்சுக்கங்கன்னுட்டாங்க. இரும்புல ஒண்ணுமில்லீங்க, டாக்டரே சொல்லியிருக்காரு. எனக்கு அது தெரியும். மூணு நாளாக் கையில இருந்து எறக்கல, அவ்வளவுதான். பாருங்க, உள்ளங்கையில பல்லுப் பல்லாப் பதிஞ்சிருக்குது.

உங்க கூடையில போட்டுக்கங்க. கேட்டுல எப்படியும் இத உள்ள விடமாட்டாங்க. ஒரு கையில லெட்டரப் புடிக்கோணும், ஒரு கையில கம்பியப் புடிச்சு எறங்கோணும். எனக்கென்ன, கம்பியும் இரும்புதானுங்களே.